நாலு மணி நேரம் காயாத கிழங்கு

ஸ்லோ குக்கர் எங்கள் கிச்சனுக்கு வந்த முதல் நாளே நாற்பது பேருக்குச் செய்த மசித்த உருளைக்கிழங்கை, அதாவது மேஷை, கெடுத்தேன். அதிலிருந்து ஆரம்பிப்பதுதான் நியாயம்.

அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பழைய துரை பங்களா ஒன்று இப்போது ஹோட்டலாக இருக்கிறது. அந்தக் கிச்சனில் இருபத்திரண்டு வருஷம் வேலை செய்தேன். காய்கறி வெட்டச் சேர்ந்து, கடைசி ஒன்பது வருஷம் ஹெட் குக்காக இருந்தேன். ரிட்டயர் ஆன பிறகும் அங்கே வேலை செய்கிற பிள்ளைகள் போன் பண்ணுகிறார்கள். அதிகம் கேட்கிற கேள்வி, "செல்வியக்கா, மேஷ் காயாம எப்படி வச்சிருந்தீங்க?" என்பதுதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதி வைப்பது சுலபம்.

சுவருக்குப் பூசுகிற கிழங்கு

நான் கெடுத்தது ஒரு நத்தார், அதாவது கிறிஸ்மஸ், லஞ்சில். கெஸ்ட் எல்லாரும் காலையில் நடக்கப் போயிருந்தார்கள், பன்னிரண்டரைக்குத் திரும்புவதாகச் சொல்லி. நான் பன்னிரண்டு மணிக்கே கிழங்கை மசித்துப் புது ஸ்லோ குக்கரில் போட்டு, சூடு ஆறக் கூடாதென்று 'ஹை'யில் வைத்தேன். அவர்கள் வந்தது இரண்டரைக்கு. மூடியைத் திறந்தால் ஓரமெல்லாம் சிவந்து தோல் கட்டியிருந்தது, நடுவில் வெடித்திருந்தது. பயத்தில் பிரிட்ஜில் இருந்த பாலை அப்படியே ஊற்றி, பெரிய கரண்டியால் போட்டு அடித்தேன். கிழங்கு பசையாகிவிட்டது. கரண்டியைத் தூக்கினால் பாத்திரமும் கூட வந்தது.

மெனேஜர் ரோஹண சேர் வந்து பார்த்தார். சிங்களவர், தோட்டத்திலேயே பேசிப் பழகிய தமிழ் அவருடையது. மரியாதைப் பேச்சு வராது, எல்லாரையும் 'நீ' என்பார். ஆனால் மனதில் ஒன்றும் இருக்காது.

"செல்வி, இத நீ சாப்பிட வச்சியா, செவுத்துக்குப் பூச வச்சியா?"

அன்றைக்கு கெஸ்டுக்கு மேஷ் இல்லை. சோறு போனது. நான் ஸ்டோர் ரூமுக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

படித்துக்கொண்டது

அதற்குப் பிறகு மூன்று வாரம் எங்கள் ஸ்டாஃப் சாப்பாட்டுக்கு மேஷ்தான். என்னைத் திட்டிக்கொண்டே சாப்பிட்டார்கள். அந்த மூன்று வாரத்தில் படித்ததைச் சொல்கிறேன்.

தோட்டத்திலிருந்து நேற்றுப் பிடுங்கிய கிழங்கு வேண்டாம். அதில் தண்ணீர் அதிகம், மசித்தால் வழவழவென்று போகும். கொஞ்ச நாள் இருந்த, மாப்பிடிப்பான கிழங்காக எடுங்கள். நம்ம மலையில் தண்ணீர் கீழ்நாட்டைவிடக் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். அதனால் கொழும்பில் இருபத்தைந்து நிமிஷத்தில் வேகிற கிழங்குக்கு இங்கே முக்கால் மணி நேரம் கொடுக்க வேண்டும். வெந்ததை வடித்து, அதே சட்டியில் ஒரு நிமிஷம் அடுப்பில் காட்டி ஈரத்தைப் போக்குங்கள். காயக் கூடாத கிழங்கை எதற்குக் காய வைக்கிறோம் என்று கேட்பீர்கள். தண்ணீர் போன இடத்தில்தான் பாலும் பட்டரும் ஏறும். தண்ணீர் பிறகு கசிந்து ஆவியாகிவிடும், பட்டர் உள்ளேயே தங்கும்.

முதலில் பட்டர், பிறகு பால். இரண்டும் சூடாக. கையால் மசியுங்கள், மெஷின் வேண்டாம். பிளேட்டில் வைக்கிற பதத்தைவிட கொஞ்சம் தளர்வாக நிறுத்துங்கள், ஏனென்றால் குக்கருக்குள் அது இறுகும். குக்கர் சட்டியைச் சுடுதண்ணீர் ஊற்றி முன்கூட்டியே சூடாக்கி, உள்பக்கம் பட்டர் தடவுங்கள். கிழங்கைப் போட்டுச் சமப்படுத்தி, மேலே மெல்லிசாகச் சூடான பால் விட்டு, பட்டர் பேப்பரை அதோடு ஒட்ட வைத்து மூடுங்கள். சுவிட்ச் 'வார்ம்'இல் மட்டும். மணிக்கு ஒரு தடவை ஓரத்திலிருந்து நடுவுக்கு மெதுவாகப் புரட்டினால் போதும். சூடு அறுபது டிகிரிக்குக் கீழே போகக் கூடாது. எப்படி இருந்தாலும் நாலு மணி நேரம்தான். அதற்கு மேல் ஆனால் கொட்டிவிடுங்கள்.

இவ்வளவும் படித்த பிறகும் சில நாள் காய்ந்தது. காரணம் வெயிட்டர் யோகன். யார் "உள்ளே என்ன?" என்று கேட்டாலும் மூடியைத் தூக்கிக் காட்டுவார். ஒவ்வொரு தடவையும் உள்ளே இருந்த ஆவி போய்விடும். 'திறக்க வேண்டாம்' என்று தமிழ், சிங்களம், இங்கிலீஷ் மூன்றிலும் எழுதி ஒட்டினேன். மறுநாளும் திறந்தார்.

"ஏன் யோகன், வாசிக்கலயா?"

"மூணு பாஷையிலயும் வாசிச்சேன் அக்கா. வாசிச்சிட்டுத்தான் தொறந்தேன்."

அன்றிலிருந்து குக்கரை கெஸ்ட் தாங்களே எடுத்துப் போடுகிற பபே மேசையில் வைப்பதை விட்டு, கிச்சனுக்குள் என் கண் முன்னே வைத்துக்கொண்டேன்.

மிஸிக்குக் கொடுத்த லஞ்ச்

ஒரு மழைக்காலத்தில் ராகலையிலிருந்து தேவராஜ் என்பவர் வந்து முப்பத்தைந்து பேருக்கு லஞ்ச் சொன்னார். மரக்கறி மொத்த வியாபாரம் செய்கிறவர். முன்பு இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் பிரசவம் பார்க்கிற மிட்வைபாக இருந்த யாழ்ப்பாணத்து மிஸி ஒருவர் இருக்கிறார், பெயர் புவனேஸ்வரி, பென்ஷனுக்குப் பிறகு ஊருக்குப் போய்விட்டார், அவர் கையில் பிறந்தவர்கள் சேர்ந்து அவரைக் கூப்பிட்டிருக்கிறோம் என்றார்.

"நான் கால் முன்னால வந்தவன். மழையில ரோட்டு இல்லாம, மிஸி எங்க லயத்து வீட்டுக்கே நடந்து வந்து எடுத்தாங்களாம். இல்லன்னா எங்கம்மாவும் இல்ல, நானும் இல்ல," என்றார்.

இரண்டு நாள் கழித்து மிஸியின் மகள் போன் பண்ணினார். வசந்தி என்று பெயர் சொன்னார்.

"அம்மாவுக்குப் போன வருசம் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துப்போட்டுது. விழுங்கிறது கஷ்டம். காய்ஞ்ச சாப்பாடு தொண்டைக்குள்ள ஒட்டிக்கொள்ளும். தண்ணியா இருந்தாலும் புரைக்கேறிடும். கரண்டியைச் சரிச்சா மெல்ல வழுகி விழோணும், அந்தப் பதம்தான் சரி. உங்களால ஏலுமா?"

"முடியும். கூட்டிட்டு வாங்க," என்றேன். பெருமைக்குச் சொல்லவில்லை. அந்தப் பதத்தை எனக்குத் தெரியும்.

லஞ்ச் அன்று எல்லாரும் பதினொரு மணிக்கே வந்துவிட்டார்கள். மிஸி முதல் நாள் கண்டியில் தங்கி, பன்னிரண்டரைக்கு வேனில் வந்து சேர வேண்டும். சரியாகப் பன்னிரண்டு மணிக்கு மேஷை ஸ்லோ குக்கரில் போட்டேன். பன்னிரண்டே முக்காலுக்குத் தேவராஜ் கிச்சன் வாசலில் வந்து நின்றார்.

"கினிகத்தேனைக்கு மேல மண் சரிஞ்சிருச்சாம். வேன் நிக்குது. எப்ப விடுவாங்கன்னு தெரியல."

அதன் பிறகு போனும் கிடைக்கவில்லை. ஒன்றரைக்குக் கரண்ட் போனது. மழையில் மரம் விழுந்து லைனை அறுத்துவிட்டது.

ஸ்லோ குக்கரின் சிவப்பு லைட் அணைந்துவிட்டது. கெஸ்டோடு வந்த சின்னப் பிள்ளைகளுக்குச் சோறு போடச் சொல்லிவிட்டு, பெரிய அண்டாவில் தண்ணீர் சுட வைத்தேன். குக்கர் சட்டி பீங்கான். நேராக நெருப்பில் வைத்தால் வெடிக்கும், ஆறின தண்ணீரில் வைத்தாலும் வெடிக்கும். அண்டாவின் அடியில் துணியை மடித்துப் போட்டு, தண்ணீர் சட்டியின் அளவு சூடானதும், சட்டியை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே இறக்கினேன். தண்ணீர் ஏறித் தளும்பி என் இடது மணிக்கட்டில் விழுந்தது. விட்டால் சட்டி போய்விடும். மெதுவாக இறக்கி வைத்த பிறகுதான் கையை எடுத்தேன். பக்கத்தில் பட்டர் இருந்தது. ஒரு விரல் எடுத்துப் பூசிவிட்டு வேலையைப் பார்த்தேன்.

கேஸை மிகச் சின்னதாக வைத்தேன். அண்டாத் தண்ணீரில் தெர்மாமீட்டர் அறுபத்தாறு காட்டியது.

ரோஹண சேர் வந்தார். "செல்வி, இத தூக்கிப் போட்டு புதுசா செஞ்சா என்ன?"

"வேன் எப்ப வரும்னு தெரிஞ்சா செய்வேன் சேர். கிழங்கு வேகவே முக்கா மணி நேரம் போயிரும். மிஸிக்கு சுகரும் இருக்காம். வந்த ஒடனே சாப்பிடணும்."

"அவங்க நாலு மணிக்கும் வரலன்னா?"

"அப்ப கொட்டிருவேன். உரிச்ச கிழங்கு தண்ணியில போட்டு வச்சிருக்கேன். மூணு மணிக்கு அடுப்புல ஏத்துவேன்."

"சரி, எப்படி இருக்குன்னு பாப்போம்," என்று மூடிப் பக்கம் கையை நீட்டினார்.

"தொறக்காதீங்க சேர்."

நான் அப்படி அவரிடம் பேசியது கிடையாது. கையை எடுத்துக்கொண்டார். பிறகு யோகனைக் கூப்பிட்டு, "யாரையும் உள்ள விடாத" என்று சொல்லி வாசலில் நிறுத்தினார். மூடியைத் திறப்பதில் பேர்போன யோகன் அன்று வாசலைவிட்டு நகரவில்லை.

மூன்று மணிக்கு அடுத்த கிழங்கை அடுப்பில் வைத்தேன். அரை மணி நேரத்தில் வெளியே சத்தம் கேட்டது. வேன் வந்துவிட்டது. மண்ணை ஒரு பக்கம் தள்ளி வழி விட்டிருக்கிறார்கள். மிஸியை இரண்டு பேர் பிடித்துக் கூட்டி வந்தார்கள். நல்ல உயரம். ஒரு பக்கம் வாய் இழுத்திருந்தது. வசந்தி முகத்தில் பதற்றம். "அம்மாவுக்கு உடனே ஏதாவது வேணும்," என்றார்.

அடுப்பில் இருந்த கிழங்கைக் குத்திப் பார்த்தேன். நடு இன்னும் கல்.

குக்கர் மூடியைத் திறந்தேன். அறுபத்தி நாலு டிகிரி. மேலே விட்ட பால் கொஞ்சம் நின்றது. அதைப் பிரிய விடாமல் ஓரத்திலிருந்து முழுக்கப் புரட்டிச் சேர்த்தேன். ஓரம் சற்று இறுகியிருந்தது, அதனால் இரண்டு கரண்டி சூடான பாலும் பட்டரும் சேர்த்தேன். கரண்டியில் எடுத்துச் சரித்தேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, மெல்ல வழுகி விழுந்தது.

நானே கொண்டுபோய் வைத்தேன். ஹாலில் முப்பத்தைந்து பேரும் மிஸி பக்கம் திரும்பினார்கள். வசந்தி அரைக் கரண்டி எடுத்துக் கொடுத்துவிட்டு அம்மாவின் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். தொண்டை ஒரு முறை ஏறி இறங்கியது. இருமல் இல்லை. இரண்டாவது கரண்டிக்கு மிஸி தானே வாயைத் திறந்தார். மூன்றாவதை மகள் கையிலிருந்து வாங்கித் தானே சாப்பிட்டார். தேவராஜ் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எல்லாரும் சாப்பிடுங்க," என்றார். எனக்கு அப்போதுதான் கால் வலிப்பது தெரிந்தது.

பிளேட்டை எடுக்கப் போனபோது மிஸி என் கையைப் பிடித்துக்கொண்டார். பேச்சு குளறினாலும் விளங்கியது.

"இதென்ன காயம்?"

"சுடுதண்ணி பட்டிருச்சு மிஸி. ஒண்ணுமில்ல."

"என்ன பூசினனீர்?"

"பட்டர்."

மிஸி மகளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "பட்டர் கிழங்குக்குப் போடுறது பிள்ளை. சூடுபட்ட கைக்குப் பச்சைத்தண்ணி. போய் பைப்புக்குக் கீழ பிடியும். இருபது நிமிசம். நான் மணி பார்த்துக்கொண்டு இருப்பன்."

போய்ப் பிடித்தேன். பத்து நிமிஷத்தில் வந்துவிட்டேன் என்று திருப்பி அனுப்பினார்.

கிச்சனில் புதிதாகச் சேர்கிற பிள்ளைகளே, கிழங்கைப் பற்றி எனக்குத் தெரிந்ததையெல்லாம் மேலே எழுதிவிட்டேன். அப்படியே செய்தால் காயாது. நான் தவறு செய்தது கையில்தான். ஒரு சட்டி கிழங்கை மூன்றரை மணி நேரம் டிகிரி பார்த்துக் காப்பாற்றிய நான், வெந்த கைக்கு ஒரு நிமிஷம் கொடுக்கவில்லை. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. சூடு பட்டால் அடுப்பை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டுப் பைப்புக்குப் போங்கள். கிழங்கு காய்ந்தால் மறுபடியும் மசிக்கலாம்.