மழைக்குக் குவித்த மக்காச்சோளம்

“…இடிதான், வேறென்ன? நின்னு பாக்காம தார்ப்பாயை இழுத்துட்டு வா புள்ள” என்றாள் அத்தை. ஏழாயிரம்பண்ணைப் பக்கமிருந்து தொம்மென்று ஒரு சத்தம் வந்து, காலடியில் தார் ரோடே ஒரு குலுங்கு குலுங்கி அடங்கியிருந்தது. ரோட்டில் பாதியை மறித்து மக்காச்சோள மணியைக் காயப்போட்டிருந்தோம். எனக்கு ஏழு வயது. அண்ணாந்து பார்த்தேன். மானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை.

ஆனாலும் அத்தை சொன்னால் சொன்னதுதான். நனைந்தால் பூசணம் பிடிக்கும், பூசணம் பிடித்ததை வியாபாரி ஏற்றமாட்டார், அந்த வருஷப் பாடு அத்தனையும் போச்சு. அதெல்லாம் எனக்கும் தெரியும். பயந்துபோய்ப் பலகையால் தள்ளித் தள்ளி அம்பாரமாகக் குவித்தேன். அத்தையின் ஒரு கைதான் குவித்தது. இன்னொரு கை போனைக் காதில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தது. யாருக்கு என்று கேட்டேன். வியாபாரிக்காம்.

நான் சத்தம் வந்த பக்கம் திரும்பும்போதெல்லாம் ஒரு கேள்வி போட்டாள். இந்த மணியெல்லாம் எங்கே போகும், சொல்லு? கோழித் தீவனத்துக்கு என்றேன். அப்புறம்? தட்டை மாட்டுக்கு, மணி உதிர்த்த சக்கை அடுப்புக்கு. இம்புட்டுத்தானா என்று சீண்டினாள். மில்லில் மாவெடுப்பார்களாம், அது பிஸ்கட்டுக்குப் போகுமாம், துணியை மொடமொடப்பாக்கப் போகுமாம், மாத்திரைக்குள்ளும் இருக்குமாம். தூர எறிய ஒன்றுமில்லாத வெள்ளாமை இது ஒன்றுதானாம். பேச்சை நிறுத்தினால் மூச்சு நின்றுவிடும்போல விடாமல் பேசினாள்.

“பசை காய்ச்சவும் இந்த மாவுதான் புள்ள. உங்கம்மா பட்டாசுக் கம்பெனியில வெடிக்குக் குழாய் ஒட்டுறாளே, அந்தப் பசை…”

அதோடு பேச்சை விட்டுப் போனை மறுபடி காதில் வைத்தாள்.

அம்மாவின் கம்பெனி சத்தம் வந்த அந்தப் பக்கந்தான். வாசலிலேயே போனை வாங்கி வைத்துவிடுவார்கள். இரண்டும் எனக்குத் தெரியும், சேர்த்துப் பார்க்கத்தான் தெரியவில்லை. என் கவலையெல்லாம் மழைமேல் இருந்தது. மணியடித்துக்கொண்டு ஒரு சிவப்பு வண்டி அம்பாரத்தை உரசிப் போனது. தண்ணி வண்டி எங்கே போகுது என்றேன். தண்ணி இல்லாத ஊருக்கு என்றாள். தார்ப்பாய் ஓரத்தில் கல் வைக்கச் சொன்னாள். வைத்த கல்லையே எடுத்துத் திரும்ப வைக்கச் சொன்னாள்.

சாயங்காலம் கம்பெனி வேன் வந்து நின்றது. அம்மா இறங்கினாள். வெடித்தது வேறொரு கம்பெனி என்பதெல்லாம் வெகுநாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு நான் ஓடிப்போய், மழைக்கு முந்தி எல்லாவற்றையும் மூடிவிட்டோம், ஒரு மணிகூட நனையவில்லை என்று பெருமையடித்தேன். அம்மா மானத்தைப் பார்த்தாள், பிறகு அத்தையைப் பார்த்தாள்.

அத்தைக்குக் கிறுக்குத்தான் பிடித்துவிட்டது என்று நினைத்தேன். கற்களைக் காலால் தள்ளித் தார்ப்பாயை உருவி எறிந்துவிட்டு, வெயிலே இல்லாத ரோட்டில் உட்கார்ந்து, குவித்த மணியை இரண்டு கையாலும் அள்ளி அள்ளித் திரும்பவும் பரப்ப ஆரம்பித்தாள்.