கையில் நோட்டுடன் ஹஸ்னா

கம்போங் ராஜாவில் ரொட்டிச் சானாய்க் கடை வைத்திருக்கும் சலீமின் மகள் ஹஸ்னா, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி மாணவி. கல்லூரியின் சேவைத் திட்டத்துக்காகச் சனிக்கிழமைதோறும் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினாள். கல்வி உளவியல் பாடத்தில் சொன்னபடி, நோட்டும் கையுமாக நின்று அவர்களைக் கவனித்தாள். ஒரு பிள்ளையும் வாய் திறக்கவில்லை. ‘கற்கும் ஆர்வம் குறைவு’ என்று மூன்று வாரமும் எழுதினாள். மகா கெட்டிக்காரி!

நான்காம் வாரம், எட்டு வயது யுவஸ்ரீ மெல்லக் கேட்டாள்: “டீச்சர், நீங்க தோட்டத்துக் கணக்கெழுதுற கிராணியா? எங்கம்மா கொழுந்து கொறைச்சலா எடுத்தா, கிராணி இப்படித்தான் நின்னு எழுதுவாரு.”

ஹஸ்னா நோட்டை அவளிடமே நீட்டினாள். “இந்தா, இன்னிக்கு நீ எழுது லா.”

வகுப்பே கலகலத்தது. யுவஸ்ரீ விறைப்பாக நின்று எழுதினாள்: ‘டீச்சர் இன்னிக்குத்தான் சிரிச்சாங்க.’