ஜன்னலோரம் நான்கு மணி நேரம்

தொண்ணூறுகளில், மகள் பிரசவத்துக்காக, கோயம்புத்தூரிலிருந்து சென்னை போய், சிங்கப்பூருக்கு முதல்முறையாக விமானம் ஏறினேன். நான்கு மணி நேரப் பயணம். எனக்கு ஜன்னலோர இருக்கை. பக்கத்தில் வழியோரமாக ஒரு பெரியவர். புறப்பட்ட கொஞ்ச நேரத்திலேயே எனக்கு பாத்ரூம் போக வேண்டும் போலிருந்தது. அவரோ கண்மூடித் தூங்கிக்கொண்டிருந்தார். தூங்குகிறவரை எப்படி எழுப்புவது? கீழே கடல் முடியவே இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

விமானம் தரையிறங்கி நின்றதும் சட்டென்று எழுந்து வழிவிட்டார்.

"நல்லாத் தூங்கிட்டீங்களாட்ட இருக்குதுங்க" என்றேன் எரிச்சலோடு.

"எங்கீங்க அம்மணி! ஒரு பொட்டுத் தூக்கமில்லீங்க. தனியா வர்றீங்க, சங்கடப்படுவீங்கன்னு கண்ணை மூடிட்டே உக்காந்திருந்தனுங்க."

அவரும் எங்கள் ஊர்ப்பக்கம்தான்! கோபப்படவா, சிரிக்கவா? எதற்கும் நேரமில்லை, ஓடினேன்.

இன்றைக்கும் வழியோர இருக்கை கிடைத்தால் நான் கண்ணை மூடுவதே இல்லை.