இரண்டு விநாடி முகம்

நீச்சல் குளத்தில் எல்லோரும் அவரை விசிலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவருடைய குரல் அவ்வளவு மெதுவானது. குளத்தின் மறுகரையில் இருப்பவருக்கு எட்டவே எட்டாது. அதனால் சொல்ல வேண்டியதையெல்லாம் கழுத்தில் தொங்கும் விசில்தான் சொல்லும். சின்னதாக ஒரு ஊதல் என்றால் ஓடாதே. நீளமாக ஊதினால் எல்லோரும் வெளியே வர வேண்டும். ஐம்பதைத் தாண்டிய அவர், ஈரத் தரையில் வெறுங்காலோடு நடந்துகொண்டே, தண்ணீரைக் கண்டாலே நடுங்குகிற பெரியவர்களுக்கு மிதக்கச் சொல்லிக் கொடுப்பார். தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன முழம் என்ன என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார். "அந்தச் சாணுக்கும் முழத்துக்கும் நடுவுலதாங்க என் பொழப்பே இருக்கு" என்பார்.

கப்பல் பழுது பார்க்கும் வேலைக்காகக் கடல் கடந்து வந்து இந்த ஊரிலேயே தங்கிவிட்டவர்களின் மகள் அவர். நல்ல கறுப்பு, சுருண்ட முடி. குளத்தில் வேலை பார்ப்பவர்களில் அந்த நிறத்தில் அவர் ஒருவர்தான். அதைப் பற்றி அவர் பேசியதில்லை. பேசாமல் இருப்பதுதான் மரியாதை என்று மற்றவர்களும் இருந்துவிட்டார்கள்.

ஒரு நாள் வரவேற்பு மேசையில் இருக்கும் பெண், குளத்தின் இணையப் பக்கத்தில் போடுவதற்காக வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து ஒரு இளம் தகப்பன், குழந்தையின் டயப்பரைக் கழற்றி, குளத்துப் படிக்கட்டிலேயே உட்கார்ந்து குழந்தையைக் கழுவிவிடத் தொடங்கினான். நீச்சல் தொப்பியோடு நின்றிருந்த விசிலக்கா திரும்பிப் பார்த்தார். கண் அகன்றது, கழுத்து பின்னால் போனது, உதடு ஒரு பக்கம் கோணியது, கை தானாக இடுப்புக்குப் போனது. எல்லாம் இரண்டு விநாடி. அப்புறம் கிட்டே போய், "குழந்தைக்குக் குளியலறை அந்தப் பக்கம் இருக்கு தம்பி" என்று வழக்கமான குரலில் சொன்னார். அது வீடியோவில் விழவில்லை.

வரவேற்புப் பெண் அந்த இரண்டு விநாடியை மட்டும் வெட்டி, திரும்பத் திரும்ப ஓடும் படமாக்கி வேலையிடத்து குரூப்பில் போட்டாள். முதலில் பார்த்தபோது விசிலக்காவும் வயிறு குலுங்கச் சிரித்தார். உண்மையிலேயே வேடிக்கையான முகம்தான். ஆனால் படம் குளத்தைத் தாண்டி ஊருக்குள் போனது, ஊரைத் தாண்டியும் போனது. முகம் தெரியாதவர்கள் அதன் கீழே வசனம் எழுதினார்கள். "என்கிட்டயேவா?" "அடிச்சுப் பல்லக் கழட்டிருவேன்." படத்தில் சத்தம் கிடையாது. பார்த்தவர்கள் ஆளுக்கொரு குரலைத் தாங்களே போட்டுக்கொண்டார்கள்.

அந்தக் குரல் எப்படி இருக்கும் என்பது ஒருநாள் பேருந்தில் தெரிந்தது. முன் இருக்கையில் இரண்டு பெண்கள் கைபேசியில் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி குரலைத் தடிப்பாக்கி, விசிலக்காவின் ஆட்கள் பேசுகிற மாதிரி சொற்களை இழுத்துக் கத்திக் காட்டினாள். மற்றவள் விழுந்து விழுந்து சிரித்தாள். இருவரும் வெளுத்த நிறம், நல்ல வீட்டுப் பிள்ளைகள் போலத்தான் இருந்தார்கள். பின்னால் அதே முகம் தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பதை அவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து அந்தப் படம் எங்கே வந்தாலும் விசிலக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை.

இதற்கிடையில் அவருடைய மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மகன் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவன். பெண் கால்நடை மருத்துவமனையில் செவிலி. இருவரும் தாங்களே பேசி முடிவு செய்துவிட்டு வீட்டில் சொன்னார்கள். பெண்ணின் அம்மா சோபா, நாற்காலிகளுக்கு மெத்தை தைத்துக் கொடுக்கும் கடை வைத்திருந்தார். வெளுத்த நிறம், வாய் ஓயாத பேச்சு. சம்பந்திகள் இருவரும் அதுவரை நேரில் பார்த்தது ஒரே ஒரு முறை, அதுவும் விளக்கு மங்கலான ஒரு உணவகத்தில்.

கல்யாண வேலைக்காக இரு வீட்டாருக்கும் ஒரு குரூப் தொடங்கினார்கள். பெண்ணின் மாமா அனுப்பிய செய்திக்கெல்லாம் விசிலக்கா கறுப்பு நிறக் கட்டைவிரல் குறியைப் போட்டு ஒப்புக்கொண்டார். மாமா கேட்டார்: "நாங்க எல்லாரும் மஞ்சள் விரல்தானே போடுறோம். நீங்க மட்டும் எதுக்கு நிறத்த இழுக்கறீங்க?"

விசிலக்கா யோசித்து எழுதினார்: "யாரும் மஞ்சளா இல்லையே அண்ணே. என் விரல் இந்த நிறம், அதான்."

ஒரு காலையில் மண்டபத்துக்காரர் நேரத்தை மாற்றிவிட்டார் என்று தகவல் வந்தது. சம்பந்தியம்மாவுக்குக் கோபம். "எவ்வளவு திமிர் இருந்தா இப்படிச் செய்வான்" என்று எழுதி, கூடவே ஒரு படத்தை அனுப்பினார். நீச்சல் தொப்பி, அகன்ற கண், கோணிய உதடு, இடுப்பில் கை.

கொஞ்ச நேரத்தில் படம் இருந்த இடத்தில், செய்தி நீக்கப்பட்டது என்ற வரி மட்டும் நின்றது.

மகன் உடனே போனில் கூப்பிட்டான். "அம்மா, நான் அவங்ககிட்ட பேசறேன். இத இப்படியே விட முடியாது."

"நீ ஒண்ணும் பேசாத. கல்யாணப் பொண்ணோட அம்மா. தெரியாமத்தான் அனுப்பியிருப்பாங்க."

"தெரியலன்னா சரியாயிருமா?"

அந்தக் கேள்வி விசிலக்காவின் நெஞ்சில் முள்ளாக நின்றுவிட்டது.

மறுநாள் பெரியவர்கள் வகுப்பு முடிந்து மிதவைப் பலகைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது சம்பந்தியம்மா குளத்துக்கே வந்து நின்றார். கையில் செருப்பு, முழங்கால் வரை மடித்த உடை. வழுக்கிவிடுமோ என்று பூனை மாதிரி அடியெடுத்து வைத்தார். இருவரும் ஆழமில்லாத பக்கத்தில், தண்ணீரில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தார்கள்.

"மன்னிச்சுருங்க சம்பந்தி. தெரியாம அனுப்பிட்டேன்."

"என்ன தெரியாம?"

"அது நீங்கதான்னு. தொப்பியெல்லாம் போட்டிருந்தீங்களா, சத்தியமா அடையாளமே தெரியல. பொண்ணு சொல்லித்தான் தெரிஞ்சுது."

"நானா இல்லாம வேற யாராவதா இருந்திருந்தா?"

சம்பந்தியம்மா கையிலிருந்த செருப்பைத் தரையில் வைத்தார். "வேற யாராவதா இருந்திருந்தா நான் இங்க வந்திருக்கவே மாட்டேன்" என்றார்.

சப்பைக்கட்டு கட்டுவார் என்று எதிர்பார்த்து இறுக்கிப் பிடித்திருந்த விசிலக்காவின் தோள்கள் அந்தப் பதிலில் தாமாகத் தளர்ந்தன.

"எனக்குக் கோவப்படவே வராது" என்று சம்பந்தியம்மா தொடர்ந்தார். "வாடிக்கையாளர்கிட்ட பல்லக் காட்டியே பழகிப்போச்சு. அந்தப் படத்த அனுப்பினா, நான் கோவப்பட்டதாவும் ஆச்சு, எல்லாரும் சிரிச்ச மாதிரியும் ஆச்சு. என்னை யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க."

"ஆமா. நீங்க என் மூஞ்சிய மாட்டிக்கிட்டா சிரிப்பாங்க. நான் என் மூஞ்சியோட கோவப்பட்டா புகார் எழுதுவாங்க." விசிலக்கா மெதுவாகத்தான் சொன்னார். "வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஒரு ஆளு ஆழத்துல குதிக்கப் போனான். கத்தி நிறுத்தினேன். மேனேஜர் கூப்பிட்டு, உங்களப் பாத்துப் பயமா இருக்குன்னு சொல்றாங்க, கொஞ்சம் பாத்துப் பேசுங்கன்னார். அப்புறந்தான் இந்த விசில் வாங்கினேன். என் குரலே இவ்வளவுதான்னு எல்லாரும் நினைச்சுக்கிட்டிருக்காங்க."

இதை அவர் மகனிடம்கூடச் சொன்னதில்லை. சொல்லி முடித்ததும் ஆழத்திலிருந்து மேலே வந்து முதல் மூச்சு இழுத்தது போல இருந்தது.

சம்பந்தியம்மா காலைத் தண்ணீரிலிருந்து மேலே இழுத்துக்கொண்டார். "தண்ணி இவ்வளவு சில்லுன்னா இருக்கும்? எப்படி இறங்கறாங்க?" என்றார்.

"இறங்கினா தெரியாது. கரையில உக்காந்தாத்தான் குளிரும்."

இருவருக்கும் சிரிப்பு வந்தது.

அவரை வழியனுப்பிவிட்டு விசிலக்கா நேராக வரவேற்பு மேசைக்குப் போனார். "அந்தப் படத்த எடுத்துரும்மா. எனக்குப் பிடிக்கல."

அந்தப் பெண் விழித்தாள். "நீங்களும் சிரிச்சீங்களேக்கா. உங்களுக்குப் பேர் கிடைச்சுதுன்னுதான் நான் சந்தோஷப்பட்டேன்."

"மொத நாள் சிரிச்சேன். இப்ப சிரிப்பு வரல."

அவள் முகம் சிவக்க அங்கேயே நீக்கினாள். வெளியே போனதை இனி யாராலும் பிடிக்க முடியாது என்பது இருவருக்கும் தெரியும். ஆனாலும் கேட்கலாம் என்பதும், கேட்டால் இடிந்து விழ ஒன்றுமில்லை என்பதும் விசிலக்காவுக்குப் புதிதாக இருந்தது.

மாலையில் வீடு திரும்பும் பேருந்தில் குடும்ப குரூப்பைத் திறந்தார். சம்பந்தியம்மா நீளமாக எழுதியிருந்தார். என்ன படம் அனுப்பினேன், அது யார், ஏன் அனுப்பினேன், யாரோ ஒருத்தி என்று நினைத்திருந்தாலும் அது தப்புதான் என்று பூசி மெழுகாமல் இருந்தது. கீழே மாமா, "ஒரு படத்துக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்று கேட்டிருந்தார். அதற்குக் கல்யாணப் பெண், "மாமா, நாளைக்கு உங்க படத்தப் போட்டு ஊரே சிரிச்சா அப்பப் பேசிக்கலாம். அத்தை, நாளைக்குத் துணி எடுக்கப் போறோம், நீங்களும் வரணும்" என்று எழுதியிருந்தாள்.

விசிலக்கா அதை இரண்டாம் முறை படித்து, வருகிறேன் என்று எழுதி நிமிர்ந்தபோது இறங்க வேண்டிய நிறுத்தம் எப்போதோ போய்விட்டிருந்தது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கினார். கடைகளை வேடிக்கை பார்த்துக்கொண்டு, ஈரத் துணிப் பையைத் தோள் மாற்றிக்கொண்டு, அவசரமே இல்லாமல் வீட்டை நோக்கித் திரும்பி நடந்தார்.