உள்ளங்கையில் மூன்று தட்டு

கீழ்க்கட்டளை வீட்டில் நானும் மகளும் மட்டும்தான். அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கனடாவில் பிரெஞ்சு பேசுகிற பக்கம் வேலை கிடைக்குமென்று போனிலேயே அந்தப் பாஷையைப் படிக்க ஆரம்பித்தாள். நான் அஞ்சாவதோடு நின்றவள். அவள் படிக்கையில் எதிரே உட்கார்ந்து கீரை ஆய்வேன்.

ஒரு வார்த்தை மட்டும் அவளுக்கு வரவேயில்லை. மூன்றாக உடைத்துச் சொல்ல வேண்டுமாம். பர்–தி–ரே. துண்டுக்கு ஒரு தட்டு. மேஜையில் தட்டிப் பார்த்தாள், சரிப்படவில்லை. அன்றிலிருந்து தினமும் என் கையை இழுத்து உள்ளங்கையில்தான் தட்டினாள். அதில் வருகிற ‘ர்’ நாக்கில் வரக் கூடாதாம். தொண்டையில் சிக்கிய மீன் முள்ளைக் காறி எடுப்பது போல வர வேண்டுமாம்.

“இப்ப சரியா வருதாம்மா?”

“முன்னைக்குத் தேவலை. பக்கத்து வூட்டுக்காரிதான், உம் பொண்ணுக்குச் சளியான்னு கேட்டா.”

சிரித்துவிட்டு மறுபடியும் தட்டினாள். விளக்கு வைக்கிற நேரம். கேட்டேன்.

“அதுக்கு இன்னா அர்த்தம்?”

“நான் கிளம்பிடுவேன், போயிடுவேன்னு அர்த்தம்.”

கையை இழுத்துக்கொண்டேன். பால் வாங்கப் போனாலும் எங்கள் வீட்டில் யாரும் ‘போறேன்’ என்று சொன்னதில்லை. அதை இத்தனை நாளாக என் கையிலேயே தட்டியிருக்கிறாள்.

“போயிட்டு வருவேன்னு சொல்ல அதுல வார்த்தை இல்லியா?”

“இருக்கும்மா, அது வேற. பாடத்துல இன்னும் வரல. முதல்ல இத முடிச்சிடறேன், கையக் குடு.”

கொடுத்தேன். நீ திரும்பி வருவியா என்று நேராகக் கேட்க வாய் வரவில்லை. கேட்டால் மறிப்பது போல ஆகிவிடும்.

பரீட்சையில் தேறிவிட்டாள். டாக்ஸியில் பெட்டியை ஏற்றிவிட்டு, “போயிட்டு வரேம்மா” என்றாள். தமிழில் அது யாருக்கும் தானாக வாயில் வந்துவிடுகிறது. யாரும் உட்கார்ந்து பழகுவதில்லை. நான் தலையை ஆட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் முகத்தைக் காட்டுகிறாள். அவளுக்குப் பின்னால் ஜன்னல் முழுக்க வெள்ளையாகப் பனி. போன வாரம் தைரியமாகக் கேட்டேவிட்டேன்.

“அந்த இன்னொரு வார்த்தை, பாடத்துல வந்துச்சா?”

“எந்த வார்த்தைம்மா?”

“ஒண்ணுமில்லடி. சாப்டியா?”

சாப்பிட்டாளாம்.