மஞ்சள் மிதவை

மதுரையில் ஒரு மஞ்சள் மிதவையை என் லாரியில் ஏற்றினேன். கடலில் மிதந்து அலையை அளக்கும் கருவி அது. அதைக் குமரிக் கடற்கரைக்குக் கொண்டுபோக ஒரு அதிகாரியம்மா கூட வந்தார். குள்ளமான உருவம், வெயிலில் கறுத்த முகம், கையில் பெரிய ஆம்பளை வாட்ச். வண்டி எங்கே நின்றாலும் மேலே ஏறி மிதவையைத் தொட்டுப் பார்ப்பார்.

திருமங்கலத்தில் டீ குடிக்க நிறுத்தினோம். லேப்டாப்பை மிதவையில் மாட்டிப் பார்த்தவர், "அண்ணே, இதோட கடிகாரம் பிந்தி ஓடுது. சரி பண்ணணும்" என்றார்.

"மேடம், இதைக் கடலுக்குள்ள கொண்டுபோற போட்டு சாயங்காலம் கிளம்பிரும். அங்க போய்ப் பாத்துக்கலாம்ல?"

"அங்க மூடியைத் திறந்தா உப்புக்காத்து உள்ள போயிரும்ணே."

"கொஞ்சம் பிந்துனா கடலு கோவிச்சுக்கிருமாக்கும்?"

அவர் சிரித்தார். "கரை நெடுக மிதவை கெடக்கு. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு ஆபீஸோடது. எல்லாம் ஒரே மணி காட்டுனாத்தான் பெரிய அலை எங்கிருந்து எங்க போகுதுன்னு சொல்ல முடியும். இது பொய் சொன்னா, அடுத்த ஊர்க்காரங்க தெரியாம கரையில வலையோட நிப்பாங்க."

நான் இன்னொரு டீ சொன்னேன். வெயிலில் லாரிமேல் உட்கார்ந்து வேலையை முடித்துவிட்டுத்தான் இறங்கினார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது போட்டு கிளம்பிப் போயிருந்தது. கரையில் நின்ற போட்டு முதலாளி எல்லார் முன்னாலும் கத்தினார்.

"ஒங்களுக்காக எம்புட்டு நேரம் காத்துக்கெடக்கிறது?"

"தப்பு என் மேலதான். நாளைக்குப் போவோம்ணே" என்றார் அந்த அம்மா. கடிகாரத்தைச் சரிபார்க்காமல் மிதவையைக் கொடுத்த மதுரை ஆபீஸைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. லாரியில் ஏறி மிதவையின்மேல் தார்ப்பாயை இழுத்துக் கட்டினார்.

அந்த மிதவை இப்போது எங்கே ஆடிக்கொண்டு கிடக்கிறதோ, எனக்குத் தெரியாது. ஆனால் அது பொய் சொல்லாது.