செத்துப் பிழைக்கிற விளையாட்டு

நான் உயிரோடு வீட்டுக்குள் நுழைந்தபோது என் மகள் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டாள். அவளுக்கு அப்போது ஐந்து வயது. தெருவே என் பின்னால் திரண்டு வந்திருந்தது. என் மனைவி என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நின்றாள். யாரோ மாதா கோவிலுக்கு ஓடி மணியடிக்கச் சொல்லியிருந்தார்கள். அந்த ஆரவாரத்தில் ஒரு பிள்ளை நடுங்கிக்கொண்டிருப்பதைக் கவனிக்க யாருக்கும் நேரமில்லை. நான்தான் குனிந்து பார்த்தேன். என் முகத்தைக் கண்டதும் அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். அவள் உட்கார்ந்திருந்த இடம் நனைந்திருந்தது.

தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு வெங்காயமும் வற்றல் மிளகாயும் ஏற்றிப் போகும் பாய்த்தோணியில் சுக்கான் பிடிப்பது என் வேலை. புதுத் துறைமுகத்துக்காகக் கடலில் கல் கொட்டிக்கொண்டிருந்த காலம் அது. அந்த வருஷம் கார்த்திகைக் காற்றில் எங்கள் பாய்மரம் முறிந்து கடலில் விழுந்தது. பாரம் குறையட்டும் என்று மூட்டைகளைத் தூக்கி எறிந்தோம். பாயில்லாத தோணி காற்று தள்ளிய பக்கமெல்லாம் போய், கடைசியில் மாலத்தீவுப் பக்கம் ஒரு சின்னத் தீவில் ஒதுங்கியது. ஆளுக்கு ஒரு காயம்தான், சாவு இல்லை. அந்தத் தீவு ஜனங்கள் எங்களுக்கு மீனும் தேங்காயும் கொடுத்துக் காப்பாற்றினார்கள். அங்கே தந்தி ஏது? மாசிக் கருவாடு ஏற்ற வந்த ஒரு கப்பலில் கொழும்பு வந்து, அங்கிருந்து ஊர் வந்தோம். கொழும்பில் கொடுத்த தந்தி எங்களுக்குப் பிறகுதான் வந்து சேர்ந்தது.

அதற்குள் ஊரில் நாங்கள் செத்துப்போயிருந்தோம். எங்கள் மூட்டைகளும் முறிந்த மரமும் மிதந்ததை வேறு தோணிக்காரர்கள் பார்த்து வந்து சொல்லியிருக்கிறார்கள். சில வாரம் காத்திருந்துவிட்டு, சாமியார் எங்கள் ஆத்துமாக்களுக்காகப் பூசை வைத்துவிட்டார். என் வீட்டில் மேசைமேல் என் படத்தையும் ஒரு சட்டையையும் வைத்து மெழுகுவத்தி ஏற்றி, பெண்கள் சுற்றி உட்கார்ந்து மாரடித்து அழுதிருக்கிறார்கள். என் மகள் அந்த மேசைக்குக் கீழே சிப்பிகளை வைத்துக்கொண்டு விளையாடியிருக்கிறாள். ஒரு பெண், "எழவு வீட்டுல என்னளா விளையாட்டு?" என்று சிப்பிகளைப் பிடுங்கிக்கொண்டாளாம். இன்னொருத்தி மடியில் வைத்துத் தடவிக்கொடுத்து, "அப்பா சாமிகிட்டப் போயிட்டாரு மக்கா, இனி வரமாட்டாரு" என்று சொன்னாளாம். இரண்டு பேருமே எங்கள்மேல் பாசமுள்ளவர்கள்தான். அன்றைக்கு வாயை மூடியவள்தான் என் மகள். நான் திரும்பி வந்த பிறகும் பேசவில்லை.

நான் அறைக்குள் வந்தால் அவள் வெளியே போனாள். நான் சாப்பிட உட்கார்ந்தால் அவள் தட்டைத் தொடவில்லை. எப்போதும் அம்மாவின் சேலை முந்தியைப் பிடித்தபடியே திரிந்தாள். தெருவில் மற்ற பிள்ளைகள் பாண்டி ஆடினால் சுவரோரம் நின்று பார்ப்பாளே தவிர கால் எடுத்து வைக்கமாட்டாள். என் அக்கா ஒருநாள், "பெத்த அப்பன்கிட்ட என்னளா பயம்?" என்று அவளைத் தூக்கி என் மடியில் உட்கார வைத்தாள். பிள்ளை அழவில்லை, திமிறவில்லை. மரக்கட்டை மாதிரி விறைத்துப்போனாள். நானே அவளை இறக்கிவிட்டேன். கோவிலில் மந்திரித்த எண்ணெய் பூசினோம். மாதா சொரூபம் இருந்த கெபியில் முழங்காலில் நின்று வேண்டினோம். ஒன்றும் கேட்கவில்லை.

கடைசியில் மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். டாக்டர் தொண்டையில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார், காதைப் பார்த்தார். "உடம்புக்கு ஒண்ணுமில்ல" என்று சொல்லி, பின்கட்டில் இருந்த ஓர் அறைக்கு அனுப்பினார்.

அந்த அறையில் மருந்து வாசனையே இல்லை. ஒரு மரத்தொட்டி நிறைய கடற்கரை மணல். ஒரு தகர டப்பில் தண்ணீர். துணிப் பொம்மைகள், சொப்புச் சாமான்கள், மரத்தில் செய்த மாட்டுவண்டி, லாரி, தோணி. பழைய துணிகள் ஒரு கூடையில். நடுவில் பாயில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். என்னைவிட வயதில் இளையவர். விளாத்திகுளம் பக்கம் கரிசல்காட்டு விவசாயக் குடும்பம், பெங்களூரில் பிள்ளைகளின் மனசு பற்றிப் படித்துவிட்டு வந்தவர் என்று பிறகு தெரிந்துகொண்டோம். ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவரை விளையாட்டு டீச்சர் என்றுதான் சொன்னார்கள். அதில் கொஞ்சம் கேலியும் இருந்தது.

நடந்ததையெல்லாம் எங்களிடம் கேட்டுக்கொண்டார். பிறகு என் மகள் பக்கம் திரும்பி, "இந்த ரூம்புல நீ என்ன விளையாட நெனைக்கியோ விளையாடலாம். உனக்கும் எனக்கும் அடி படக் கூடாது. அவ்வளவுதான்" என்றார்.

"மருந்து எப்பம்மா குடுப்பீங்க?" என்று கேட்டேன்.

"இதுதான் அண்ணாச்சி மருந்து."

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. விளையாடுவதற்கு ஆஸ்பத்திரி எதற்கு, கடற்கரை இல்லையா என்று திரும்பும் வழியெல்லாம் மனைவியிடம் முணுமுணுத்தேன். வேறு வழி தெரியாததால்தான் மறுபடி போனோம். வாரத்துக்கு ஒருமுறை, அதே நாள், அதே நேரம். அது மாறக் கூடாது என்பதில் டீச்சர் கண்டிப்பாக இருந்தார்.

முதலில் என் மகள் வாசலை விட்டு நகரவில்லை. டீச்சர் அவளைக் கூப்பிடவும் இல்லை. பாயில் உட்கார்ந்தபடி, "நீ அங்கன நின்னு பாத்துக்கிட்டிருக்க" என்று மட்டும் சொல்வார். பிறகு ஒருநாள் தண்ணீர் டப்புப் பக்கம் போனாள். மரத்தோணியை எடுத்தாள். அதில் ஒரு துணிப் பொம்மையை உட்கார வைத்தாள். தோணியை மிதக்க விட்டு, இரண்டு கையாலும் அழுத்தி மூழ்கடித்தாள்.

"தோணி முங்கிட்டு" என்றார் டீச்சர். குரலில் அதிர்ச்சியும் இல்லை, கண்டிப்பும் இல்லை.

அதற்கப்புறம் போன நாளெல்லாம் இதே விளையாட்டுதான். தோணியை மிதக்க விடுவாள், அழுத்துவாள், நனைந்த பொம்மையை எடுத்து மணலில் புதைப்பாள். சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த என் மனைவியால் தாங்க முடியவில்லை. வெளியே வந்த டீச்சரிடம், "சாவையா விளையாட விடுதீங்க? அதத் தடுக்க வேண்டாமா?" என்று கேட்டு அழுதாள்.

டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "அக்கா, அண்ணாச்சி செத்துட்டாருன்னு சேதி வந்தப்ப நீங்க என்ன செஞ்சீங்க?"

"மாரடிச்சு அழுதேன். வாறவங்க போறவங்ககிட்டயெல்லாம் சொல்லிச் சொல்லி அழுதேன்."

"அப்படித்தான ஆத்திக்கிட்டீங்க? இவளுக்கு அஞ்சு வயசு. சொல்லி அழ வார்த்தை ஏது? அதான் கையால சொல்லுதா. நாம கேட்டுக்கிட்டு இருக்கணும். பாதியில வாயப் பொத்திரக் கூடாது."

அந்த நிமிஷம் எனக்கு ஏதோ புரிந்தது. அப்பா வரமாட்டார் என்று அவளிடம் சொல்ல ஆள் இருந்தது. அந்தச் சேதி தப்பு, அப்பா எங்கே போனார், எப்படிப் பிழைத்தார் என்று அவளை உட்கார வைத்துச் சொல்ல யாருமே இருக்கவில்லை, நான் உட்பட. அவள் கணக்கில், பூசை வைத்து அனுப்பிய ஆள் ஒருவன் வீட்டுக்குள் நடமாடிக்கொண்டிருந்தான்.

சில வாரங்கள் கழித்து டீச்சர் என்னையும் உள்ளே உட்காரச் சொன்னார். "மூலையில இருங்க. கேள்வி கேக்காதீங்க. சொல்லிக் குடுக்காதீங்க. அவ என்ன செய்யச் சொன்னாலும் செய்ங்க" என்றார். மூலையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். முதலில் அவள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டே விளையாடினாள். பிறகு பக்கவாட்டில் உட்கார்ந்தாள். ஒருநாள் எழுந்து வந்து என் முன்னால் நின்றாள். கையைத் தரையை நோக்கிக் காட்டினாள்.

"அப்பா படுக்கணும்கிறா" என்றார் டீச்சர்.

படுத்தேன். கூடையிலிருந்து ஒரு வெள்ளைத் துணியை எடுத்து வந்து என் தலைமுதல் கால்வரை போர்த்தினாள். தலைமாட்டில் இரண்டு சொப்புகளைக் கவிழ்த்து வைக்கும் சத்தம் கேட்டது. அவை மெழுகுவத்திகள் என்று எனக்குத் தெரிந்தது. பிறகு சத்தமே இல்லை. துணிக்குள் மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தேன். என் சாவு வீட்டை நான் பார்த்ததில்லை. அன்றைக்கு என் மகள் அதை எனக்குக் காட்டினாள்.

துணியின் ஒரு முனை மெல்ல உயர்ந்தது. அவள் கண்கள் தெரிந்தன. உடனே மூடிவிட்டாள். மறுபடி தூக்கினாள், மூடினாள். எத்தனை தடவையோ. பிறகு, நான் மறந்தே போயிருந்த அந்தக் குரல், கரகரப்பாக, காதருகில் கேட்டது.

"எந்திரி."

எழுந்து உட்கார்ந்தேன். அவள் வீறிட்டாள். வீறிட்டது சிரிப்பாக மாறியது. என் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினாள்.

"படு."

படுத்தேன். "எந்திரி" என்றாள். எழுந்தேன். அன்று முழுக்க நான் செத்துச் செத்துப் பிழைத்தேன். வெளியே என் மனைவி சன்னல் கம்பியைப் பிடித்தபடி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். டீச்சர் மட்டும் எப்போதும் போல, "அப்பா எந்திச்சிட்டாரு", "அப்பா படுத்துட்டாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு நடக்கும்போது அவள் அம்மாவின் அந்தப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்துக் கேட்டாள்: "கடலுக்குள்ள இருட்டா இருந்துச்சா?"

"நான் கடலுக்குள்ள போகலம்மா. தோணி முங்கல. மரம்தான் முறிஞ்சுது" என்றேன். தெருவோரம் குந்தி உட்கார்ந்து, தீவையும் தேங்காயையும் அவளுக்குச் சொன்னேன். நடுவில் நிறுத்தி, "அப்ப சட்டைய ஏன் மேசையில வச்சாங்க?" என்றாள். மிதந்த மூட்டைகளைப் பார்த்துத் தப்பாகச் சேதி சொல்லிவிட்டார்கள், எல்லோரும் ஏமாந்துபோய்விட்டார்கள் என்றேன். "நானுமா?" என்றாள். "நீயுந்தான்" என்றேன். அதில் அவளுக்கு ஒரு நிம்மதி இருந்த மாதிரி தெரிந்தது.

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடவில்லை. படுக்கையை நனைப்பது வெகுநாள் இருந்தது. நான் மறுபடி தோணி ஏறும் நாள் வந்தபோது பழைய மாதிரி வாயை மூடிக்கொண்டாள். டீச்சரிடம் போனேன். "அவ தூங்கும்போது சொல்லாமப் போயிராதீங்க. போறதையும் வாறதையும் அவளோட விளையாடுங்க" என்றார். அதனால் புறப்படுவதற்கு முன்னால் தினமும் நான் கதவுக்குப் பின்னால் கொழும்புக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தேன். சில நாள் அவள் தோணியின் தலைவனான தண்டலாக இருந்து எனக்கு உத்தரவு போட்டாள். சில நாள் வந்து சேர்ந்த என்னை வீட்டுக்குள் விடமாட்டேன் என்று கதவைச் சாத்தினாள். அந்தக் கோபத்தையும் காட்டட்டும் என்று நின்றேன். நிஜமாகவே நான் போன அன்று, துறைக்கு வந்து கை காட்டினாள். திரும்பி வந்தபோது தெருமுனையில் பாண்டி ஆடிக்கொண்டிருந்தவள் ஓடிவந்து, "என்ன கொண்டாந்தீங்க?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியைப் போல இனிப்பான ஒன்றை நான் வாழ்க்கையில் கேட்டதில்லை.

டீச்சருக்குக் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போகப் போகிறார் என்று தெரிந்ததும், அவரைத் துறைக்குக் கூட்டிவந்து, ஒரு சிறு வள்ளத்தில் ஏற்றி துறைக்கு எதிரே இருக்கும் முயல்தீவுப் பக்கம் வரை போய் வந்தோம். கரிசல்காட்டில் பிறந்தவர், வள்ளத்தில் காலே வைத்ததில்லையாம். கொஞ்சம் அலை தூக்கியதும் முகம் வெளுத்துப்போய் பக்கப்பலகையை இறுகப் பிடித்துக்கொண்டார். நான் ஏதோ தைரியம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் என் மகள் அவர் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, "நீங்க பயந்துக்கிட்டு இருக்கீங்க" என்றாள். பிறகு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். டீச்சர் அவளைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்போடு கண்ணீரும் வந்தது.

அதற்குப் பிறகு அவரை நாங்கள் பார்க்கவில்லை. என் மகளுக்கு இப்போது பேரப்பிள்ளை எடுக்கிற வயது. வாய் ஓயாமல் பேசுகிறாள், என்னோடு தினமும் ஒரு விஷயத்துக்குச் சண்டை போடுகிறாள். அந்த அறையைப் பற்றி அவளுக்கு மணல் தொட்டி மட்டும்தான் நினைவிருக்கிறதாம். எனக்கு முழுவதும் நினைவிருக்கிறது. கடல் என்னை ஒருமுறை திருப்பிக் கொடுத்தது. என் மகளிடம் என்னைத் திருப்பிக் கொடுத்தவர் பாயில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்தான். ஜெபம் சொல்லும்போது இன்றைக்கும் அவரை நினைத்துக்கொள்கிறேன்.